வண்டிச் சமையலறையும் மசாலாச் சாமானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டு, இரண்டரை அடி நீளத்தில் ஒரு மேடை, ஒற்றை அடுப்பு, ஒரு சின்னத் தொட்டி வைத்துக்கொண்டோம். (இருக்கையைக் கழற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதை முதலில் முடித்துவிடுங்கள்.) பிள்ளைகளின் விடுமுறை முழுக்க அந்த வண்டியில்தான் கழிகிறது. நான், வீட்டுக்காரர், அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கும் மூன்று வேளையும் அந்த மேடையில்தான் சமையல்.

வண்டியை எட்டிப்பார்க்கிறவர்கள் எல்லோரும் படுக்கையைப் பற்றிக் கேட்பார்கள். வீட்டில் சமைக்கிறவர்கள் மட்டும் "செலவுச் சாமான் (மசாலா) எல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு வெவ்வேறு சமயத்தில் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வீட்டு அஞ்சறைப் பெட்டியை அப்படியே வண்டியில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அஞ்சறைப் பெட்டி அசையாத மேடைக்காகச் செய்த பொருள். ஏழு கிண்ணத்துக்கும் சேர்த்து ஒரே மூடி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி மூடி கிடையாது. ஒரு கையால் திறந்தால் எல்லாமே கைக்கெட்டும் என்பதுதான் வீட்டில் அதன் அழகு. வண்டியில் அதுவே வினையாகிறது. எங்கள் முதல் பயணத்தில் பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்த் திறந்தபோது கடுகு மஞ்சளுக்குள்ளும், மிளகாய்த்தூள் சீரகத்துக்குள்ளும், வெந்தயம் எல்லாவற்றிலும் கலந்து கிடந்தது. சலித்தும் புடைத்தும் பார்த்தோம். மஞ்சள் பிடித்த உளுத்தம்பருப்பைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

மலை ஏறாவிட்டாலும் நம் சாலைகளில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

பிறகு எதில் வைப்பது? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?

திருகு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா என்பதுதான் என் பதில். பாத்திரக் கடையில் விபூதி டப்பா, மருந்து டப்பா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உடையாது, வாசனையைப் பிடித்து வைக்காது, வெளிச்சத்தை உள்ளே விடாது. மஞ்சளும் மிளகாயும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அவற்றின் நிறப்பொருள்களே வெளிச்சத்தில் சிதையக்கூடியவை. பார்க்க அழகாக இருக்கிறது என்று வரிசையாகக் கண்ணாடிச் சீசா வாங்கி ஜன்னலோரம் வைத்தால், அழகு நிற்கும், மிளகாய்த்தூள் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். போதாததற்கு ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டே வரும். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தம் பெரிய தொந்தரவு.

பிளாஸ்டிக் டப்பா லேசானது, விலையும் குறைவு. ஆனால் பெருங்காயம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் பிறகு வேறெதையும் வைக்க முடியாது. ஒரே பொருளுக்கு ஒரே டப்பா என்று ஒதுக்கிவிட்டால் பிளாஸ்டிக்கும் பரவாயில்லை.

அளவு 100 மில்லி போதும். ஒரு சின்ன ஸ்பூன் 5 மில்லி என்றால் 100 மில்லி டப்பாவில் 20 ஸ்பூன் பிடிக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

எத்தனை வகை, எவ்வளவு எடுத்துப்போவது?

எல்லோரும் டப்பாவிலிருந்து தொடங்குகிறார்கள். "எட்டு டப்பா வைக்க இடம் இருக்கிறது, எட்டிலும் நிரப்பிவிடலாம்" என்று. நான் வேளையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து, எத்தனை நாள், அதில் எத்தனை வேளை வண்டியில் சமையல், என்னென்ன சமையல் என்று எழுதுங்கள். ஏழு நாள் பயணம் என்றால் 21 வேளை. வழியில் சாப்பிடும் இட்லி, பரோட்டா, கோயில் பிரசாதம் எல்லாம் போக எங்களுக்கு 13, 14 வேளைதான் சமையல் வரும். அதில் சாம்பார் மூன்று முறைக்கு மேல் வைக்கவே மாட்டோம். ஐந்து பேருக்கு ஒரு சாம்பாருக்கு மூன்று ஸ்பூன் பொடி. ஆக, ஒன்பது ஸ்பூன். 100 மில்லி டப்பாவில் பாதி கூட நிரம்பாது. வீட்டில் அரைக் கிலோ அரைத்து வைத்திருக்கிறோம் என்பதற்காக அரைக் கிலோவும் வண்டி ஏற வேண்டியதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டால், டப்பாவில் போக வேண்டியவை என்று எங்களுக்கு மிஞ்சியது ஆறு: சாம்பார் பொடி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகும் சீரகமும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்தது, தாளிப்புக்குக் கடுகும் உளுந்தும் கலந்தது, உப்பு. கடுகையும் உளுந்தையும் தனித்தனியாக வைக்க வேண்டியதே இல்லை. எப்படியும் ஒரே எண்ணெயில் ஒரே நேரத்தில்தானே விழப்போகின்றன.

கரம் மசாலா, சிக்கன் மசாலா, கசூரி மேத்தி என்று ஆசைக்கு எடுத்து வைக்கும் பாக்கெட்டுகள்தான் இடத்தை அடைப்பவை. அவை பொட்டலமாகப் போகட்டும்.

பொட்டலம் என்றால்?

மளிகைக்கடையில் நூல் சுற்றித் தருவார்களே, அதேதான். ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய முழு மசாலாவையும் ஒரு பொட்டலத்தில் கட்டி, மேலே சமையலின் பெயரை எழுதிவிடுகிறேன். பிரியாணிப் பொட்டலத்தில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை. குழம்புப் பொட்டலத்தில் மல்லி, வரமிளகாய், மிளகு, சோம்பு. செய்தித்தாளில் மடிக்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும். பட்டர் பேப்பரில் மடித்து, எல்லாப் பொட்டலத்தையும் ஒரே மூடி போட்ட தூக்கில் போட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இது மிகவும் தோதானது. புழுங்கலரிசி இரண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர் ஒரு துணிப்பையில். அதற்குள்ளேயே ஒரு பொட்டலம்: கடுகு, சீரகம், மிளகு, இரண்டு வரமிளகாய், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. வண்டியை நிறுத்தியதும் சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் நறுக்க ஒருவர், அரிசி களைய ஒருவர். பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் கொட்டினால் தாளிப்பு ஆயிற்று. ஒரே குக்கர், ஒரே கரண்டி. அரை மணியில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். உப்பு டப்பாவைத் தவிர வேறெந்த டப்பாவையும் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொட்டலம் கட்டுவதற்குப் பயணத்துக்கு முந்தைய மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளை உட்கார வைத்து எண்ணிப் போடச் சொன்னால் ஆர்வமாகச் செய்கிறார்கள்.

இதைவிடச் சுருக்கமான வழி உண்டா?

உண்டு, தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பங்குனி சித்திரை வெயிலில் நாள்கணக்கில் காய வைத்து எடுப்பது. ஓர் உருண்டைக்குள் ஒரு தாளிப்புக்கு வேண்டியது முழுவதும் இருக்கிறது. ஈரம் போய்விட்டதால் கெடாது, நன்றாகக் காய்ந்ததை மூடி வைத்தால் அடுத்த சித்திரை வரை வரும். சிந்தாது, உருளும், அவ்வளவுதான். மசாலாவைச் சுருக்கி வைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நம் பாட்டிமார்கள் மழைக்காலத்துக்காகக் கண்டுபிடித்தது, வண்டிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையைக் கிள்ளிச் சூடான எண்ணெயில் போட்டால் வத்தக்குழம்பு, கீரை, துவையல் எதற்கும் போதும். வெங்காயம் உரிக்கிற வேலையும், உரித்த தோலைப் போட இடம் தேடுகிற வேலையும் மிச்சம்.

புளிக்காய்ச்சலும் அப்படித்தான். காரம், புளிப்பு, உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து சுண்டிய ஒரு கிண்ணம் இருந்தால் இரண்டு வேளைச் சோற்றுக்குக் கவலையில்லை. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் கட்டாயம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் திருவிழாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஊர்விட்டு ஊர் போகும் சமையல் நமக்குப் புதிதல்ல.

டப்பாக்களை வண்டியில் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

அடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது. கைக்கு வாட்டமான இடம் அதுதான், ஆனால் சூடும் ஆவியும் நேராக அங்கேதான் போகின்றன. முன்பக்கம் எஞ்சின் மூடியின் அருகிலும் வேண்டாம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். சூடு ஏற ஏற மசாலாவின் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மல்லித்தூள் மரத்தூள் மாதிரி ஆவது அதனால்தான்.

எங்கள் டப்பாக்கள் மேடைக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஆழம் குறைந்த இழுப்பறையில் இருக்கின்றன. அடியில் வழுக்காத ரப்பர் பாய். டப்பாவுக்கு டப்பா இடைவெளி இருந்தால்தான் ஆட்டம். அதனால் மர ரீப்பரை வெட்டிக் கட்டம் கட்டமாகத் தடுத்திருக்கிறோம். இழுப்பறைக்கு வெளியே ஒரு கொக்கி அவசியம், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே திறந்துகொள்ளும். இழுப்பறையில் வைப்பதாக இருந்தால் பெயரை மூடியின் மேல் எழுதுங்கள், அலமாரியில் என்றால் பக்கவாட்டில்.

காந்தம் வைத்த டப்பாக்களைச் சுவரில் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டியின் இரும்புத் தகட்டில் ஒட்டும். நல்ல எவர்சில்வர் தகடு அடித்திருந்தால் பெரும்பாலும் ஒட்டாது. சமதளத்தில் நிற்கும். குண்டும் குழியுமான சாலையில் மெல்ல வழுக்கி இறங்கும். வண்டி ஓடும்போது எடுத்து உள்ளே வைத்துவிடுவதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மலை ஏறும்போது பாக்கெட் எல்லாம் உப்புகிறது, எண்ணெய் பாட்டில் கசிகிறது. ஏன்?

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. கீழே அடைத்த பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து உப்புகிறது. பொருள் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் உப்பிய மிளகாய்த்தூள் பாக்கெட்டை முகத்துக்கு நேராக வைத்துக் கிழித்தால் தூள் கண்ணுக்குத்தான் வரும். ஊசியால் மேல் மூலையில் ஒரு துளை போட்டு, காற்றை விட்ட பிறகு வெட்டுங்கள்.

எண்ணெய் பாட்டிலில் பாதி எண்ணெய், பாதி காற்று இருந்தால் அந்தக் காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். கிளம்பும்போதே கழுத்துவரை நிரப்பிய சின்ன பாட்டிலாக எடுத்துக்கொள்வது நல்லது. மேலே போனதும் ஒருமுறை திறந்து மூடுங்கள். இறங்கி வரும்போது இதற்கு நேர்மாறாகப் பிளாஸ்டிக் பாட்டில் ஒடுங்கிக் கிடக்கும். அதற்கும் திறந்து மூடுவதுதான்.

இன்னொன்று: தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் குறுகிய வாய் பாட்டிலில் வைத்திருந்தால் ஒரு சொட்டும் வராது. அகல வாய் டப்பாவில் வையுங்கள், ஸ்பூனால் தோண்டிக்கொள்ளலாம்.

மேலே போனால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போவதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. ஆகவே மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைக்காதீர்கள், குக்கர்தான். அதிலும் வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே நான்கு. வண்டி ஓடும் நேரத்தில் பருப்பை மூடி இறுகிய டப்பாவில் ஊற வைத்துவிட்டால் காஸும் மிச்சம். புளியையும் அப்படியே ஊற வைக்கலாம். நாம் மூன்று மணி நேரம் சாலையில் இருக்கும்போது அவை தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அடுப்பை அணைத்த குக்கரைத் திறக்காமல் போர்வையில் சுற்றி ஓரமாக வைத்தால் இன்னும் இருபது நிமிடம் உள்சூட்டிலேயே வேகும். போர்வை அடுப்பிலிருந்து தள்ளியிருக்கட்டும்.

வண்டி முழுக்கப் பெருங்காய வாசனை. என்ன செய்வது?

பெருங்காயத் தூளுக்குப் பதில் கட்டிப் பெருங்காயத்துக்கு மாறுங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் துண்டுகளாகக் கிள்ளி, ஒவ்வொன்றையும் சிறிய பட்டர் பேப்பரில் சுற்றி, திருகு மூடி டப்பாவுக்குள் அடைத்து, அந்த டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வைக்க வேண்டும். இரண்டு மூடி இல்லாமல் அந்த வாசனை அடங்காது. கந்தகம் கலந்த சேர்மங்கள், அவ்வளவு வீரியம்.

வண்டிக்குள் ஏற்கெனவே ஏறிய வாசனைக்குப் புதிய காப்பித்தூளை அகலத் தட்டில் பரப்பி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். ஜன்னல் திரைகளை அவிழ்த்துத் துவைத்தாலே பாதி போய்விடும். மீன் வறுவலை மட்டும் வண்டிக்குள் செய்யாதீர்கள்.

பொடியில் பூச்சி விழுகிறது, உப்பு நீர்த்துப்போகிறது.

மல்லி, மிளகாயில் வரும் பழுப்பு நிறக் குட்டி வண்டுகள் பெரும்பாலும் வாங்கும்போதே முட்டையாக உள்ளே இருப்பவை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வெயிலில் நன்றாகக் காய வைத்தோ, வாணலியில் கை பொறுக்கும் சூடுக்கு மேல் வறுத்தோ அரையுங்கள். ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் வேர்த்துத் தண்ணீர் விடும், அதுதான் கட்டி தட்டுவதற்குத் தொடக்கம்.

கொதிக்கும் குழம்பின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதும் கெடுதல். ஆவி உள்ளே போய்விடும். காய்ந்த ஸ்பூனில் எடுத்து, டப்பாவை மூடிவிட்டு, அப்புறம் குழம்பில் போடுங்கள். வண்டிக்கு உப்பு என்றால் கல்லுப்பு. தூளுப்புதான் வேண்டுமென்றால் வறுத்த அரிசி பத்துப் பதினைந்து மணி போட்டு வையுங்கள்.

இஞ்சி பூண்டு விழுது அரைத்து எண்ணெயில் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

ஃப்ரிட்ஜ் இல்லாத வண்டியில் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. பச்சைப் பூண்டில் புளிப்பு மிகக் குறைவு. எண்ணெய் மூடிவிட்டால் காற்றும் போகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊறுகாய் கெடாமல் நிற்பது எண்ணெயால் மட்டுமல்ல, உப்பும் புளிப்பும் சேர்ந்து காப்பதால்.

பூண்டை முழுதாக எடுத்துப்போங்கள். அதன் தோலே அதற்கு டப்பா. இஞ்சிக்குச் சுக்குத்தூள் போதுமான மாற்று. அன்றன்றைக்குத் தட்டிப் போட ஒரு சின்ன இடிகல் இருக்கிறதே.

மிக்ஸி இல்லாமல் முடியுமா?

முடியும். 750 வாட் மிக்ஸியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக ஓட்டினால் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கொஞ்ச நேரம்தானே என்றாலும் சிறிய இன்வர்ட்டர் தாங்காது. அரைக்க வேண்டியதை வீட்டிலேயே பொடியாக்கிவிட்டு, சட்னிக்குப் பதில் இட்லிப் பொடி, தேங்காய் அரைத்த குழம்புக்குப் பதில் ரசம், வத்தக்குழம்பு என்று சமையலை மாற்றுவதுதான் வழி. மாவும் அப்படியே: புளித்த மாவு குலுங்கலில் பொங்கி வழியும். எடுத்துத்தான் போவேன் என்றால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

காஸ் அடுப்பை வண்டிக்குள் பயன்படுத்துவது பாதுகாப்பா?

கவனம் இருந்தால்தான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். காலை நேரம், யாத்திரை வந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு நாங்கள் எங்கள் வண்டியின் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி பார்த்தோம்.

வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் மேல் ஜன்னலைத் திறந்தது போதும் என்று நினைக்காதீர்கள். கதவையும் திறந்து, தரையோரம் காற்று போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இன்னொரு ஆபத்துக்கு நாற்றமே கிடையாது. அடைத்த இடத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் வரும் கார்பன் மோனாக்ஸைடு அது. குளிருக்காக இரவில் அடுப்பை எரிய விட்டுத் தூங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பக்கத்தில் காஸ் கேனைச் செருகி எரிக்கும் சின்ன கேன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அகலமான தோசைக்கல்லைப் போடக் கூடாது. கல் கேனின் மேல்வரை நீண்டு அதைச் சூடாக்கும், கேன் வெடிக்கக்கூடும். மார்கழிக் குளிரில் தீ சிறுத்து எரிவதற்குக் காரணம், கேனில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடுவது. அப்போது கேனை நெருப்பில் காட்டவோ சுடுநீரில் போடவோ வேண்டாம். இரவில் வண்டிக்குள் துணியில் சுற்றி வைத்தாலே காலையில் ஒழுங்காக எரியும்.

குறைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவுவது எப்படி?

தண்ணீர் படுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். சாப்பிட்ட தட்டைப் பழைய துணியாலோ ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலாலோ வழித்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு முக்கால்வாசி போய்விடும். ஒரு வாளியில் சீயக்காய்த் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். குழாயைத் திறந்து விட்டுக் கழுவுவதே இல்லை. வாழை இலை கிடைக்கும் ஊர்களில் தட்டே வேண்டாம். அடிப்பிடித்த குக்கரில் கொஞ்சம் தண்ணீரும் புளிச்சக்கையும் போட்டு மூடி, அடுத்த ஊர் வரை தரையில் வைத்துவிடுங்கள். சாலையின் குலுக்கல் தேய்த்துக் கொடுத்துவிடும்.

தயிர், கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள்?

கறிவேப்பிலையைக் கழுவாமல் துணியில் சுற்றினால் மூன்று நான்கு நாள் வரும். அதற்குமேல் நிழலில் காய வைத்த இலைதான். வாசனை கொஞ்சம் குறையும். தேங்காயை உடைத்தால் அன்றே முடிக்க வேண்டும். கொப்பரைத் துருவல் கைவசம் இருந்தால் பொரியலுக்கு ஆகும். தயிர்சாதத்துக்குப் பழைய உத்தி ஒன்று இருக்கிறது: காலையில் குழைந்த சாதத்தில் காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் கலந்து கட்டினால், மதியம் பிரிக்கும்போது புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். மோர்மிளகாயை முன்பே வறுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வறுத்தால் எல்லோரும் இருமிக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும்.

மலைப்பாதை ஓரத்தில், காட்டுக்குள் நிறுத்திச் சமைக்கலாமா?

காட்டுப் பகுதியில் கூடாது. முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் புலிகள் காப்பகச் சாலைகளில் இறங்கி நிற்பதற்கே அனுமதி இல்லை, அடுப்பு பற்ற வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பந்திப்பூர் சாலையும் திம்பம் சாலையும் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதனால் அன்றைய இரவுச் சாப்பாட்டை மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மதியமே முடிவு செய்துகொள்ளுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது, கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் 1 லிட்டர், 2 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எண்ணெயையும் பொடியையும் எவர்சில்வருக்கு மாற்றிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள். ஒருமுறை வண்டிக்குள் சாப்பாடு இருப்பது தெரிந்துவிட்டால், அடுத்து வரும் வண்டியின் ஜன்னலில் கை விடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டுவதும் தவறு. கேனில் பிடித்து வைத்து, ஊருக்கு வந்து சாக்கடையில் ஊற்றுவதுதான் முறை.

ஊர் திரும்பியதும் மிச்சமான பொடிகளை என்ன செய்வது?

வீட்டு டப்பாவில் திரும்பக் கொட்டாதீர்கள். ஒரு வாரம் வண்டிச் சூட்டிலும் ஆவியிலும் இருந்த பொடி, புதுப் பொடியையும் சேர்த்துக் கெடுக்கும். தனியாக வைத்து அந்த வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சிய பொட்டலங்களையெல்லாம் பிரித்து, சாம்பார் பொடி மிச்சத்தையும் சேர்த்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு அத்தை ஒரு புளிக்குழம்பு வைப்பார். வந்த மறுநாள் மதியம் அதுதான். டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கும்போதே, எந்தப் பொட்டலம் பிரிக்காமல் திரும்பியது என்று சமையல் தாளில் குறித்துவிடுவேன். போன முறை இரண்டு பிரியாணிப் பொட்டலம் திரும்பி வந்தன. இந்தச் சித்திரைக்கு ஒன்றே ஒன்றுதான் கட்டுவதாக இருக்கிறேன்.